கேப் கூஸ்பெர்ரியா, சொடக்குத் தக்காளியா, டொமட்டிலோவா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் கையில் உறை மூடிய தக்காளிச் செடிகள் மூன்று சிக்கும்: கேப் கூஸ்பெர்ரி, கேட்காமலே முளைக்கும் சொடக்குத் தக்காளி, விதை தேடி வாங்கிப் போடும் டொமட்டிலோ. மூன்றும் ஃபைசாலிஸ் என்ற ஒரே பேரினம்தான், மூன்றுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். பெயரில் கேப் இருந்தாலும் கூஸ்பெர்ரி ஆண்டிஸ் மலைச் செடி. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் டர்பனில் வந்து இறங்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே அது நன்னம்பிக்கை முனையில் பயிராகிக்கொண்டிருந்தது.

ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் என் ஓட்டு கூஸ்பெர்ரிக்கு. தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் ஒற்றைச் செடி போதும். கடலோரத்தில் உறைபனி இல்லை, குளிர்காலத்தையும் தாண்டி நிற்கும். உள்நாட்டில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே போனால் பனி கருக்கிவிடும், ஆண்டுதோறும் புதிதாக நட வேண்டியதுதான். பாசத்தில் எருவை அள்ளிக் கொட்டாதீர்கள். இலைதான் மண்டும், பழம் குறைந்துபோகும். உறை காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்த பிறகு பறியுங்கள். உரிக்காமல் காற்றாடப் பரப்பி வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. பெக்டின் தாராளமாக இருப்பதால் ஜாம் தானாக இறுகும். ஆப்ரிகான்ஸ் மொழி பேசும் வீடுகளில் அப்பல்லிஃபி ஜாம் என்பது இதுதான்.

சொடக்குத் தக்காளியை யாரும் விதைப்பதில்லை. பழம் சிறிசு, இனிப்பும் சுமார்தான். நெற்றியில் அடித்துச் சொடக்குப் போடப் பிள்ளைகளுக்கு ஆகும். இதற்கென்று பாத்தி ஒதுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் களை எடுக்கும்போது வேலியோரம் ஒன்றிரண்டை விட்டுவைப்பதில் நஷ்டம் இல்லை. பச்சைக் காயை மட்டும் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த எச்சரிக்கை கூஸ்பெர்ரிக்கும் பொருந்தும்.

டொமட்டிலோ கதையே வேறு. அதைப் பச்சையாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். காய் பருத்து உறையை நிறைத்துக் கிழிக்கத் தொடங்குவதுதான் அடையாளம். மேலே பிசுபிசுவென்று ஒட்டும், கழுவினால் போய்விடும். மெக்சிகோவில் இது அன்றாடச் சமையல் காய். அங்கே உறையைக்கூட வீணாக்காமல், அதை வேகவைத்த நீரைத் தமாலே என்கிற, ஆவியில் வேகவைக்கும் மக்காச்சோளப் பண்டத்தின் மாவு உப்பிவரச் சேர்ப்பார்கள். நம் சமையலில்? சுட்டு, பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் வைத்து அரைத்தால் சட்னி அருமை. மீன் குழம்பில் புளியின் இடத்தை மட்டும் இதற்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

சிக்கல் தோட்டத்தில்தான். தனிச் செடி பூத்துத் தள்ளும், பெரும்பாலும் காய்க்காது. வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். ஆகக் குறைந்தது இரண்டு நட வேண்டும், இரண்டும் தாறுமாறாகப் படரும். ஆனால் இந்தக் கலப்பால்தான் டொமட்டிலோவில் அத்தனை வகை: பெரிய பச்சை, ஊதா, கோலிக்குண்டு அளவில் மில்பேரோ. மில்பேரோவை மெக்சிகோ விவசாயிகள் பெரும்பாலும் விதைப்பதில்லை. நாம் மீலி என்கிற மக்காச்சோள வயலில் அது தானாக முளைக்கும். களை கொத்தும்போது அதை விட்டுவிட்டுக் கொத்துவார்கள். நம் வேலியோரச் சொடக்குக்கு நடப்பதும் இதேதான், ஒரு வித்தியாசம்: அங்கே அந்தக் காய்க்குச் சந்தையில் விலை உண்டு.

விதை எடுத்து வைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று. கூஸ்பெர்ரியில் நல்ல பழமாகப் பார்த்துப் பிசைந்து, அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். டொமட்டிலோவில் பச்சையும் ஊதாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அடுத்த வருஷம் என்ன வரும் என்று சொல்ல முடியாது. ஊதா வேண்டுமென்றால் அந்த வருஷம் ஊதா மட்டும் போடுங்கள்.