கோலரா, பாரோஷா?

செக் கால்பந்து அணியின் முன்களத்தில் யான் கோலரும் மிலான் பாரோஷும் சேர்ந்தே ஆடினார்கள். கோலர் 91 ஆட்டங்களில் 55 கோல். இன்றும் அதுதான் செக் சாதனை. பாரோஷ் 93 ஆட்டங்களில் 41. ஆனால் 2004 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) 5 கோலோடு, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கியவர் பாரோஷ்தான். அடுத்த ஆண்டே லிவர்பூல் கிளப்புக்கு ஆடி, ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் கோப்பையும் கிடைத்தது.

பாரோஷின் பலம் வேகம். 2.02 மீட்டர் உயரக் கோலருக்குத் தலையால் முட்டும் ஆட்டம். சிறுவயதில் கோல்கீப்பர் பயிற்சி எடுத்தவர் வேறு! 2002இல் பேயர்ன் மியூனிக்குக்கு எதிராக கோலர் ஆடிய டார்ட்மண்ட் கிளப்பின் கோல்கீப்பர் லேமன் சிவப்பு அட்டை வாங்கியதும், முன்னதாகக் கோல் அடித்திருந்த கோலரே கையுறை மாட்டினார். அதன்பின் ஒரு கோலும் விடவில்லை. ஆட்டம் தோல்விதான், சரி.

கோப்பைக் கணக்கு எப்படியோ, என் ஓட்டு கோலருக்கே.