பழைய செவர்லே லாரியின் ஏ.சி. கம்பெனி பெட்ரோல் பம்ப்: மூன்று மழைக்காலம் ஓடிய பிறகு

இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் செய்த செவர்லே லாரிகள் பர்மாவில் நிறையவே தங்கிவிட்டன. மரப்பாடி கட்டி ரங்கூன் வீதிகளில் 2000-க்குப் பிறகும் பஸ்ஸாக ஓடியவை அவைதான். அந்த 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இஞ்சினுக்குப் புது பெட்ரோல் பம்ப் ஒன்றையும், டயப்ரம் (பெட்ரோலை உறிஞ்சித் தள்ளும் சவ்வு) கிட் போட்ட பழைய பம்ப் ஒன்றையும் மூன்று மழைக்காலம் ஓட்டிப் பார்த்ததில் பழசுக்குத்தான் என் ஓட்டு. புதுசில் டயப்ரம் நன்றாகவே இருந்தது. ஆனால் பம்பின் கையை (இஞ்சினின் கேம் தள்ளும் லீவர்) பிடிக்கும் பின் தளர்ந்து, அந்த வழியாக ஆயில் கசிய ஆரம்பித்துவிட்டது.

மேட்டில் ஏறும்போது இஞ்சின் திணறினால் உடனே பம்பைக் கழற்றாதீர்கள். முதலில் டாங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். காற்றுத்துளை அடைத்திருந்தாலும் இதே திணறல்தான். அடுத்து, பம்புக்குள் வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன ஹோஸை நேரே பெட்ரோல் டப்பாவில் விடுங்கள். இஞ்சின் சரியாக ஓடினால் பம்பில் குற்றமில்லை. பெரும்பாலும் டாங்க் பக்கத்து ஹோஸ் வெடித்துக் காற்றை இழுக்கும். அது உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. பலர் ஏமாறுவது இங்கேதான். ரோட்டோரப் பாட்டில் பெட்ரோல் ஊற்றும் வண்டி என்றால் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரும் மண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பம்பின் அடியில் ஒரு கசிவுத் துளை உண்டு. அதில் பெட்ரோல் சொட்டினால் டயப்ரம் கிழிந்திருக்கிறது, ஆயில் சொட்டினால் தண்டின் சீல் போய்விட்டது. டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசம் அடித்து ஆயில் அளவும் ஏறியிருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம், பேரிங் போய்விடும்.

மாற்று பம்ப் வாங்கும்போது தோற்றத்தை நம்பக் கூடாது. ஃபிளாஞ்சில் (இஞ்சினோடு சேரும் விளிம்பு) குத்தியிருக்கும் எண், பம்ப் கையின் நீளம், வளைவு, பைப் மரை எல்லாவற்றையும் பழசோடு வைத்துப் பாருங்கள். வைப்பருக்கு வாக்குவம் தரும் இரட்டை பம்பும் உண்டு. அதே காலத்து ஃபோர்டு வி8 இஞ்சினில் பம்ப் மேலே உட்கார்ந்து ஒரு தள்ளுகோலால் வேலை செய்யும், அது இதற்குச் சேராது. அங்குல ஸ்பேனரே வேண்டும். பைப் நட்டைத் திருப்பும்போது இன்னொரு ஸ்பேனரால் பம்ப் பக்கத்து ஃபிட்டிங்கைப் பிடிக்காவிட்டால் பைப் முறுக்கிக்கொள்ளும்.

பேட்டரியைக் கழற்றுங்கள், டாங்க் பைப்பை அடைத்துவையுங்கள். பிறகு இஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, பம்பை அழுத்த மிகக் குறைந்த விசை போதும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். கேம் மேடு பம்ப் கையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை முறுக்கி இழுத்தால் பம்பின் காது உடையும். இரண்டு போல்ட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். பேக்கிங்கை இரண்டாக அடுக்காதீர்கள். கையின் ஓட்டம் குறைந்து பெட்ரோல் போதாமல் போகும்.

கிட் போடுகிறவர்கள் பிரிக்கும் முன் இரண்டு பாதியிலும் அரத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திருகுகளை லேசாகப் பொருத்திவிட்டு, பம்ப் கையை முழுக்க அழுத்திப் பிடித்தபடி இறுக்க வேண்டும். அழுத்தாமல் இறுக்கினால் டயப்ரம் விறைப்பாக உட்கார்ந்து சில மாதத்தில் ஓரம் கிழியும். ஆல்கஹால் கலந்த பெட்ரோல் ஊற்ற நேர்ந்தால் பழைய ரப்பர் தாங்காது, அதைத் தாங்கும் டயப்ரமா என்று கேட்டு வாங்குங்கள். கிண்ணத்துக் கார்க் பேக்கிங்கையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

சோதனைக்குக் காயில் வயரைக் கழற்றி பாடியில் பிடித்துவைத்து, கார்புரேட்டர் பக்கத்துப் பைப்பைப் பாட்டிலில் விட்டு ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். பீச்சிப் பீச்சி வர வேண்டும், அழுத்தம் நாலு பிஎஸ்ஐயை ஒட்டி இருந்தால் போதும். இதைவிட்டு மின்சார பம்ப் மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த லாரிகள் 6 வோல்ட்டில் வந்தவை, கடையில் கிடைப்பது பெரும்பாலும் 12 வோல்ட். போதாக்குறைக்கு அதன் அழுத்தம் அதிகமானால் கார்புரேட்டர் ஊசியைத் தள்ளிப் பெட்ரோல் வழியும்.