பிள்ளைக்கு விபத்து: கையோடு ராஜியா, கோர்ட் அனுமதியோடு ராஜியா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீடு என்று வைத்துக்கொள்வோம். பள்ளி விட்டு ரோட்டோரம் நடந்து வந்த எட்டு வயதுப் பிள்ளையைப் பிக்கப் வண்டி இடித்துவிட்டது. முழங்காலுக்கு மேல் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் பிரிப்பதற்குள் வண்டிக்காரர் தரப்பு பணத்தோடும் ராஜிப் பத்திரத்தோடும் வாசலில் நிற்கும். "கோர்ட்டு கேசுன்னா ஊட்டிக்கு அலைஞ்சே ஓய்ஞ்சுருவீங்கண்ணே. இத வச்சு வைத்தியத்தப் பாருங்க."

இதுதான் முதல் வழி. பணம் உடனே வரும், அது ஒன்றுதான் லாபம். எஃப்ஐஆர் வேண்டாம் என்பதும் அந்தப் பேச்சோடு சேர்ந்தே வரும். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்சூரன்ஸ் உள்ள வண்டி என்றால் பெரும்பாலும் தொகையைத் தரவேண்டியது கம்பெனி. எஃப்ஐஆர் இல்லாமல் அவர்களிடம் போய் நிற்பது கஷ்டம்.

இரண்டாவது, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டு, வழக்கு நடக்கும்போதே ராஜியாவது. மைனர் வழக்கில் அப்பா அம்மா கையெழுத்து மட்டும் போதாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 32ஆம் ஆணை 7ஆம் விதிப்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். இந்த ராஜி பிள்ளைக்கு நன்மை என்று கார்டியன் பிரமாண வாக்குமூலம் தரவேண்டும், வக்கீலும் சான்று தரவேண்டும். அனுமதி வாங்காத ராஜியைப் பிள்ளை தரப்பு பின்னால் ரத்து செய்யக் கேட்கலாம். இதை வெட்டி அலைச்சல் என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. எட்டு வயதில் எலும்பு வளர்கிற நுனியில் அடிபட்டிருந்தால் ஒரு கால் குட்டையாவது சில வருஷம் கழித்துத்தான் தெரியும். "இனிமேல் ஆபரேஷன் வருமா? டாக்டர் என்ன எழுதியிருக்கிறார்?" என்று பணம் கொடுக்காத, வாங்காத ஒருவர் கேட்கும் இடம் அது ஒன்றுதான்.

லோக் அதாலத், அதாவது இரு தரப்பையும் பேசவைத்து ராஜியில் முடிக்கும் மக்கள் நீதிமன்றம், வேகமானது, கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது. அதனால் மெடிக்கல் போர்டின் ஊனச் சான்று கைக்கு வராமல் அங்கே உட்காராதீர்கள். மைனருக்கான அனுமதியையும் தனியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

தொகை மிகக் குறைவு என்றால் ராஜியே வேண்டாம், விசாரணை நடக்கட்டும். பிள்ளைகளின் நிரந்தர ஊனத்துக்கு 2013இல் உச்ச நீதிமன்றம் ஒரு அளவு சொன்னது: 10 சதவீதத்துக்கு மேல் 30 வரை என்றால் 3 லட்சம், 60 வரை 4 லட்சம். வைத்தியச் செலவு இதில் சேராது. கம்பெனி சொல்லும் தொகையை இதோடு வைத்துப் பாருங்கள்.

அலைச்சலுக்குப் பயந்தே பலர் முதல் வழிக்குப் போகிறார்கள். மேட்டுப்பாளையத்தில் அடிபட்டாலும் நீங்கள் குடியிருக்கும் நீலகிரியிலேயே மனு போடலாம். குழந்தைக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் ஆறு மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது, தள்ளிப்போடாதீர்கள். தொகை பொதுவாகப் பிள்ளை பெயரில் 18 வயது வரை பேங்க் டெபாசிட்டில் இருக்கும். நடுவில் ஆபரேஷன் வந்தால் டாக்டர் சீட்டோடு மனு கொடுத்து எடுக்கலாம்.