வாசற்படியில் நிறம் பார்த்துத் தரும் கீழக்கரைக் கடை

ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரைக்குப் பேருந்தேறி, ஒரு நூல்கண்டுக்காகக் காலைப்பொழுது முழுவதையும் செலவிடுவது வீண் என்று என் வீட்டில் சொல்வார்கள். பதினோரு ஆண்டுகளாக ரவிக்கை தைத்துப் பிழைக்கும் எனக்கு அது வீணாகத் தெரியவில்லை. கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டு பேர் நின்றாலே நிறைந்துவிடும் மேட்சிங் கடை அது. கூட்டம் சேர்ந்தால் நிதானமாகப் பார்த்துக் கொடுக்க முடியாது, பெயரை எழுதிவிடாதே என்று கடைக்கார ராத்தா கேட்டுக்கொண்டதால் அடையாளத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு கல்யாணப் பெண்ணின் மயில்கழுத்து நிறப் பட்டுக்கு, வெளியூரில் ஒரு பெரிய கடையில் ரவிக்கைத் துணி எடுத்தேன். கடை விளக்கில் கச்சிதமாகப் பொருந்திய அந்தத் துணி, வீட்டு ஜன்னலோரம் கொண்டுவந்து வைத்ததும் சேலையிலிருந்து விலகிப் பச்சையடித்தது. பெண் வீட்டார் வாங்க மறுத்துவிட்டார்கள்; துணிக்காசு என் கையை விட்டுப் போயிற்று. அதே சேலையோடுதான் முதன்முதலில் ராத்தாவிடம் போனேன். அவர் சேலையைக் கல்லாமேசையில் விரிக்கவேயில்லை. முந்தானையின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தார். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த துணி என்பதால் அதை நேராகவும் சாய்த்தும் பார்த்தார். உள்ளே போய் மூன்று துணிச்சுருள்களை எடுத்து வந்தார். என் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். இரண்டை அவர் தொட்ட வேகத்திலேயே ஒதுக்கினார். “இதுல பச்சை அடியில கிடக்கு, தங்கச்சி, வெயில்ல வச்சுப் பாரு” என்றார். வெகுநேரம் உற்றுப் பார்த்த பிறகு, அவர் சொன்ன பச்சை எனக்கும் மங்கலாகப் பிடிபட்டது.

இதில் மாயம் ஏதுமில்லை. நம் விழித்திரையில் நிறமறியும் கூம்புச் செல்கள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வகை. எந்த ஒளியானாலும் அது மூளைக்குப் போய்ச் சேர்வது அந்த மூன்றின் கணக்காகத்தான். வெவ்வேறு சாயம் ஏறிய இரண்டு துணிகள் ஒரு விளக்கின் கீழ் ஒரே கணக்கைக் கொடுத்து, இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்துவிடலாம். பெரிய கடையில் நான் ஏமாந்தது அப்படித்தான். கூம்புகள் நான்கு வகையாக இருந்தால், மற்றவர்களுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வேறாகத் தெரிய வாய்ப்புண்டு.

ராத்தாவுக்கு அப்படி நான்கு வகை இருக்கலாமோ என்ற எண்ணம் எனக்கு வரக் காரணம் அவருடைய மகன். கப்பல் வேலைக்குப் போன பையன், புள்ளிகளுக்கு நடுவே எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனையில் தேறாமல் திரும்பினான். 1917 முதல் வழக்கில் இருக்கும் சோதனை அது. பையனுக்குப் பச்சைக் கூம்பு இல்லாமல் போகவில்லை, அதன் உணர்திறன் சிவப்பின் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று மருத்துவர் விளக்கினாராம். சிவப்புக்கும் பச்சைக்குமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு அது ஒன்றுதான். குறையை ஈடுகட்ட மாற்று இல்லை. தாய்க்கோ இரண்டு: ஒன்றில் வழக்கமான மரபணு, மற்றொன்றில் நகர்ந்த மரபணு. ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை முடக்கிவிடுவதால், அவர் விழித்திரையில் இருவகைக் கூம்புகளும் கலந்து கிடக்கும். சிவப்பு, நீலக் கூம்புகளையும் சேர்த்தால் நான்கு வகை. டச்சு அறிவியலாளர் டி வ்ரீஸ் 1948-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்.

ஆனால் கூம்பு இருப்பது வேறு, அதைக் கொண்டு பார்ப்பது வேறு. பிரிட்டனில் கேப்ரியல் ஜோர்டான் குழுவினர், ராத்தாவின் மகனுக்கு இருப்பது போன்ற குறையை மரபில் சுமக்கும் 24 பெண்களைச் சோதித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நான்காவது கூம்பை உண்மையிலேயே பயன்படுத்தியவர் ஒரே ஒருவர். பவளப்பாறைகளில் வாழும் மாண்டிஸ் இறால் இனங்களில் நிறமறியும் செல்கள் 12 வகை வரை இருந்தும், நெருங்கிய நிறங்களைப் பிரித்தறிவதில் அது நம்மைவிட மட்டம் என்று 2014-இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே ராத்தாவின் திறமையில் பெரும்பங்கை, முப்பது ஆண்டுகளாகத் துணியைக் கையாண்ட பழக்கத்துக்கே நான் கொடுப்பேன். அவரிடம் இதையெல்லாம் சொன்னபோது சிரித்துவிட்டு, ஃபால்ஸ் எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்டார்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் அவர் பார்ப்பதேயில்லை. இதைப் பலர் திமிர் என்கிறார்கள். எனக்கு இதுதான் கடையின் முதல் தகுதி. கைபேசித் திரை எந்த நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்தே காட்டுகிறது. துணியின் உண்மையான ஒளிக்கலவை அதில் வருவதேயில்லை. 2015-இல், எத்தனை நிறம் தெரிகிறது என்று எண்ணச் சொல்லி, அதிகம் தெரிந்தால் நான்காவது கூம்பு உண்டு என்று ஒரு வண்ணப்பட்டை இணையத்தில் பரவியது. நானும் எண்ணி முப்பத்துச் சொச்சம் என்று பெருமைப்பட்டேன். மூன்று ஒளித் திரையில் நான்காவது கூம்பைச் சோதிக்கவே முடியாது என்பது பிறகுதான் விளங்கியது.

குறைகளும் உண்டு. உள்ளே எரியும் குழல்விளக்கு மோசம். அதனாலேயே மாலை நான்கு மணிக்குமேல் அடர்நிறம் பார்க்கப் போவது பயனில்லை. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கடை அடைத்திருக்கும். லைனிங் துணி தண்ணீரில் சுருங்குகிறது, நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். விலை ராமநாதபுரத்தை விடச் சற்றுக் கூடுதல். எல்லாவற்றையும் விட, ஏறத்தாழப் பொருந்தும் சரக்கை எடுத்துக் கொடுக்க ராத்தாவுக்கு மனம் வருவதில்லை. இல்லையென்றால் இல்லை என்று அனுப்பிவிடுவார். துணியின் ஓரத்தையாவது உள்ளங்கை அகலத்துக்குக் கொண்டுபோவது நல்லது, நூல் பிரிந்த துணுக்கை வைத்து அவர் நிறம் சொல்வதில்லை.

ஒரு அரக்கு நிறச் சேலைக்கு நூல் கேட்டு இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். அடுத்த சரக்கு வரட்டும் என்கிறார். கொக்கி தைக்காத அந்த ரவிக்கை மூன்று வாரமாகத் தையல் இயந்திரத்தின் மேல் கிடக்கிறது.