அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி: மையம் எப்படி?

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. நாங்கள் போகும் பேச்சுப் பயிற்சி மையம் நல்ல இடம்தான், கட்டணம் மட்டும் கையைக் கடிக்கும். தெரப்பிஸ்ட் முதலில் நாக்கை நீட்டச் சொல்லி, கன்னத்தை உப்பச் சொல்லி, "ப-த-க" என்று வேகமாகச் சொல்ல வைத்துப் பார்த்தார். நாக்கு, உதட்டுத் தசைகள் பலமிழந்து குழறினால் டிசார்த்ரியா, தசையில் பலம் இருந்தும் அசைவுகளை மூளையால் வரிசைப்படுத்த முடியாமல் திணறினால் அப்ராக்சியா, இரண்டுக்கும் பயிற்சி வேறு என்று பொறுமையாக விளக்கினார். அப்பாவுக்கு இரண்டாவது. "தண்ணி" என்று சொல்ல வாய் எங்கெங்கோ போகும், கோபம் வந்தால் திட்டு மட்டும் சுத்தமாக வரும்! அது சகஜமாம், வாயில் ஊறிய சொற்கள் தானாக வந்துவிடுமாம். கண்ணாடி முன் உட்கார வைத்துச் சொல்லித் தருவது நன்றாக இருக்கிறது. சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், கூட்டம். அப்புறம், லிஃப்ட் இல்லாத மாடியில் பக்கவாதக்காரர்களுக்கு மையம் வைத்தது யார் யோசனையோ தெரியவில்லை.