கார்டு பில்லில் தெரியாத நன்கொடை: அமைப்பைக் கேட்பதா, வங்கியிடம் போவதா, கார்டையே மாற்றுவதா?

போன மாதம் அத்தை கிரெடிட் கார்டு பில்லை என்னிடம் நீட்டினார். "பாருப்பா, யாரோ 30 வெள்ளி எடுத்திருக்காங்க. பேங்குக்குப் போன் போட்டு கார்டை கேன்சல் பண்ணச் சொல்லு." பாதியில் வெட்டுப்பட்ட ஓர் ஆங்கிலப் பெயர். முந்தைய இரண்டு பில்களிலும் ஏறக்குறைய அதே தேதியில் அதே தொகை. திருடன் இப்படி மாதம் தவறாமல் ஒரே தொகையை எடுப்பது அரிது. இங்கே சிங்கப்பூரில் தேக்காவுக்குப் போகும்போது எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நன்கொடை கேட்ட யாரிடமாவது நின்று பேசினீர்களா என்று கேட்டேன். "ஆமா, ஒரு பொண்ணு பேசுச்சு. பாவமா இருந்துச்சு. ஒரு தடவைதான்னு நெனச்சேன்."

அத்தை கேட்ட வழியைத்தான் பலரும் முதலில் எடுக்கிறார்கள். மூன்றில் அதுவே மோசமானது என்பேன். கார்டை மாற்றினாலும் மாதப் பிடித்தம் நிற்கும் என்று உறுதியில்லை. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் புதிய கார்டு எண்ணை வியாபாரிகளுக்குத் தானாகவே தெரிவிக்கும் சேவை உண்டு. கைப்பேசிக் கட்டணத்தையும் காப்புறுதித் தவணையையும் நீங்கள் மறுபடி பதிந்துகொண்டிருக்கையில், நன்கொடை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

வங்கியில் முறையிடுவது வலுவான வழிதான். கார்டு நிறுவனம் மூலமாக வங்கி பணத்தைத் திரும்பக் கேட்கும். பெரும்பாலான முறையீடுகளுக்கு 120 நாள் கெடு. ஆனால் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அமைப்பு உங்கள் கையெழுத்துள்ள படிவத்தைக் காட்டிவிட்டால் முறையீடு எடுபடாது. ஒவ்வொரு முறையீட்டுக்கும் அமைப்பின் தலையில் தனிக் கட்டணமும் விழுகிறது. நாமே மனமிரங்கிக் கொடுத்துவிட்டு, மறந்த பிறகு "நான் செய்யவே இல்லை" என்று வங்கியிடம் சொன்னால், நோயாளிக்கும் முதியவருக்கும் போகவேண்டிய காசு அந்தக் கட்டணத்தில் கரைகிறது. எனக்கு இது மனம் ஒப்பாத காரியம்.

அதனால் அமைப்பைக் கேட்பதே என் முதல் தேர்வு. பெயரை அறநிறுவன ஆணையரின் இணையவாசலில் தேடுங்கள். பதிவு பெற்றதா, ஐபிசி தகுதி (நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் தகுதி) உள்ளதா என்று அங்கே தெரியும். பில்லில் இருப்பது நன்கொடை வசூலிக்கும் தளத்தின் பெயராகவும் இருக்கலாம், எனவே கிடைக்கவில்லை என்றதும் மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். துணைக் கார்டு வைத்திருக்கும் கணவரையோ மகளையோ கேளுங்கள். இன்னொரு தடயம் வருமான வரி. ஐபிசி அமைப்புக்கு அடையாள அட்டை எண்ணோடு கொடுத்த நன்கொடைக்கு இரண்டரை மடங்கு வரிக்கழிவு உண்டு, அது தானாகவே வரிக் கணக்கில் ஏறும். போன ஆண்டு வரி அறிவிப்பில் நன்கொடைக் கழிவு இருந்தால், கொடுத்தது நீங்களாகவே இருக்கலாம்.

ஒரே ஒரு சூழ்நிலையில் இந்த வரிசையைத் தலைகீழாக்குவேன். ஒன்றிரண்டு வெள்ளி, வெளிநாட்டு நாணயம், கேள்விப்படாத பெயர் என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். திருடிய கார்டு எண் வேலை செய்கிறதா என்று சோதிக்க மோசடிக்காரர்கள் நன்கொடைப் பக்கங்களைப் பயன்படுத்துகிறார்கள். எவ்வளவு சிறிய தொகையையும் அங்கே செலுத்த முடியும். பெரிய தொகை அடுத்து வரும். வங்கிச் செயலியில் கார்டை உடனே பூட்டிவிட்டு, கார்டின் பின்புறமுள்ள எண்ணுக்கு அழையுங்கள். குறுஞ்செய்தியில் வரும் எண்ணுக்கு வேண்டாம். மோசடியோ என்று சந்தேகம் என்றால் ஸ்கேம்ஷீல்டின் உதவி எண் 1799 இருக்கிறது.

கார்டில் அல்லாமல் ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பிடித்தம்) என்றால் வேலை சுலபம்: வங்கியிடமே அந்த ஏற்பாட்டை ரத்து செய்யலாம். சம்பளச் சீட்டில் 'சிண்டா' என்று பிடித்திருந்தால் அது வேறு விஷயம். 1991இல் தொடங்கிய அந்த இந்தியர் மேம்பாட்டு அமைப்புக்கு முதலாளி மத்திய சேமநிதிக் கழகம் வழியாகக் கட்டும் மாதச் சந்தா அது. வேண்டாம் என்பவர்கள் சிண்டாவுக்கே படிவம் அனுப்பி விலகலாம். நான் விலகவில்லை; நம் பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புக்குப் போகிற பணம்.

அத்தையின் சார்பில் அமைப்புக்கு அழைத்தேன். கொடுக்க அவருக்கு விருப்பம்தான், 30 தாங்காது. மாதம் 10 வெள்ளியாகக் குறைத்து, அதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தச் சொன்னோம். மின்னஞ்சல் வந்தது. அடுத்த இரண்டு பில்களை மட்டும் சரிபார்க்க வேண்டும்.