பழைய கணினியில் சீரியல் போர்ட்: பைட்டுகள் தொலைவது எங்கே?

386, 486 காலத்துக் கணினிகளில் சீரியல் வழியாகக் கோப்பு மாற்றும்போது தகவல் விட்டுப்போனால், பலரும் முதலில் கேபிளைத்தான் சந்தேகிக்கிறார்கள். கேபிளில் இரைச்சல் இருந்தால் எழுத்துகள் குப்பையாகச் சிதைந்து வரும். சுத்தமான வரியின் நடுவே ஓர் எழுத்து மட்டும் காணாமல் போனால், கோளாறு பெரும்பாலும் கணினிக்குள்ளேதான்.

வரிசை எண் போட்ட 1000 வரிகளை அனுப்பிப் பாருங்கள். 00412 என்ற வரி 0412 என்று வந்தால் சீரியல் சிப்பில் ஓவர்ரன், அதாவது எடுக்கப்படுமுன்பே ஒரு பைட் அழிந்திருக்கிறது. 412-க்கு அடுத்து நேராக 431 வந்தால் போர்ட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் பஃபர் (தற்காலிக நினைவிடம்) நிரம்பி வழிந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

115200 வேகத்தில், 8 பிட், பாரிட்டி இல்லாமல், 1 ஸ்டாப் பிட் என்றால் சுமார் 87 மைக்ரோவினாடிக்கு ஒரு பைட் வந்து விழும். 8250, 16450 என்ற பழைய சீரியல் சிப்களில் வந்த பைட்டை வைக்க ஒரே இடம்தான். அடுத்தது வந்து சேர்வதற்குள் சிபியு அதை எடுக்காவிட்டால் பழையது அழிந்துவிடும். டிஸ்க்கில் எழுதும்போதும், இஎம்எம்386 என்ற டாஸ் நினைவக மேலாளர் ஓடும்போதும் இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிடும் சைகை) தாமதமாவது சகஜம். ‘அனுப்பு’, ‘நிறுத்து’ என்று கேபிள் வழியே சொல்லும் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் சைகைகள் இங்கே கைகொடுக்காது. பெரும்பாலான டிரைவர்கள் ஆர்டிஎஸ்ஸை இறக்குவது தங்கள் நினைவகப் பஃபர் நிரம்பும்போதுதான். சிப்பில் நடந்த இழப்பு அவற்றின் கணக்கிலேயே வராது.

சரியான தீர்வு 16550ஏ சிப். அதில் 16 பைட் ஃபைஃபோ (வந்த பைட்டுகளை வரிசையாக வைத்திருக்கும் இடம்) உண்டு. 40 பின் சாக்கெட்டில் இருக்கும் 16450-ஐப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் செருகலாம். ‘ஏ’ இல்லாத முதல் 16550-இன் ஃபைஃபோவில் பிழை உண்டு, அதைத் தவிர்த்துவிடுங்கள். சிப்பை மாற்றினால் மட்டும் போதாது: ரீசெட் ஆனதும் ஃபைஃபோ அணைந்தே இருக்கும், மென்பொருள்தான் அதை இயக்க வேண்டும். டிரிகரை, அதாவது எத்தனை பைட் சேர்ந்ததும் சிபியுவை அழைப்பது என்ற அளவை, 14-இல் வைத்தால் மிச்சம் இரண்டே பைட், 8-இல் வைத்தால் எட்டு. மெதுவான கணினிக்கு 8 போதும், 14 பேராசை.

சிப்பை மாற்ற வழியில்லையா? 9600-க்கு இறங்குங்கள், ஒரு பைட்டுக்கு ஒரு மில்லிவினாடிக்கு மேல் அவகாசம் கிடைக்கும். எக்ஸ்மோடம் என்ற கோப்பு மாற்றும் முறையும் இங்கே நல்ல துணை. 128 பைட் அனுப்பிவிட்டு பதிலுக்குக் காத்திருப்பதால், அந்த இடைவெளியில் டிஸ்க் எழுத்தை முடித்துக்கொள்ளலாம். இசட்மோடம் என்ற இன்னொரு முறையோ நிறுத்தாமல் கொட்டிக்கொண்டே இருக்கும்.

கொத்தாகத் தொலைந்தால் மட்டும் கேபிளைப் பாருங்கள். 2, 3, 5 பின்களை மட்டும் இணைத்து, இரு முனையிலும் 7-ஐயும் 8-ஐயும் ஒன்றோடொன்று இணைத்துவிட்ட நல்மோடம் கேபிள்கள் (இரு கணினிகளை நேரடியாக இணைப்பவை) ஏராளம். அதில் எதிர்முனைக்கு ‘நிறுத்து’ என்று சொல்ல வழியே கிடையாது. 9 பின் கனெக்டரில் ஒரு முனையின் 7 (ஆர்டிஎஸ்), மறுமுனையின் 8-க்கு (சிடிஎஸ்) போக வேண்டும். மீட்டரை வைத்துத் தொடர்ச்சி பார்த்துவிடுங்கள். தகவலோடு சேர்த்தே ‘தொடர்’, ‘நிறுத்து’ என்ற குறிகளை அனுப்பும் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் உரைக்கு மட்டும் சரிப்படும். பைனரி கோப்பில் 17, 19 என்ற மதிப்புகள் வந்தால் அவற்றையே அது கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.